பழைய பிக்கப்பில் ஸ்டீரிங் ப்ளே: பாக்ஸைத் தொடும் முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பிக்கப், ஸ்டீரிங்கில் ப்ளே, அதாவது வீலைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்று ஆட்டம். மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

14 வருஷப் பழைய பிக்கப். ஸ்டீரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகுதான் வண்டி கேட்கிறது. பட்டறையில் ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கித் தந்தார்கள். ஒரு வாரம் பரவாயில்லை. இப்போது ப்ளே திரும்ப வந்துவிட்டது. வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டீரிங் நேருக்கு வருவதும் இல்லை.
– காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

இறுக்கிய அந்த ஸ்குருவை முதலில் பழைய இடத்துக்கே தளர்த்தச் சொல்லுங்கள். வீலின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டிதான் பாக்ஸ். அதற்குள் செக்டார் ஷாஃப்ட்டின் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு) பல்லை எதிர்ப்பல்லோடு நெருக்கி வைக்கும் ஸ்குரு அது. வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் நடுப்பல்தான் தேயும், ஓரத்துப் பற்கள் அப்படியே இருக்கும். தேய்ந்த நடுவுக்காக அளவு மீறி இறுக்கினால் ஓரத்தில் பல் பிடிக்கும். ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான். ஓடும் வண்டியில் இது ஆபத்து, தள்ளிப் போடாதீர்கள்.

ப்ளே எங்கே இருக்கிறது என்று பார்க்க கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேர் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி வைக்கக் கூடாது. பாரம் சக்கரத்தில் இருந்தால்தான் தளர்ந்த இடம் தன்னைக் காட்டும். பவர் ஸ்டீரிங் என்றால் எஞ்சின் நியூட்ரலில் ஓடட்டும். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக ஒரு சாண் ஆட்ட, மற்றவர் கீழே குனிந்து மேலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்: ஸ்டீரிங் காலத்தின் (வீலிலிருந்து இறங்கும் தண்டு) அடியில் உள்ள யு.ஜே. கிராஸ் என்ற மூட்டு, பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட், பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை போன்ற டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க் தண்டு, சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகள். ஒரு பாகம் அசைந்து, அதற்கு அடுத்தது சும்மா நிற்கும் இடம் ஒன்று வரும். கோளாறு அங்கேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மூட்டின் வெளிப்பக்கமாகக் கையை வையுங்கள், உள்ளே 'டக்' என்று தட்டும்.

ஷாஃப்ட் திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் நின்றால் மட்டுமே பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் இன்னொன்றைப் பாருங்கள். பாக்ஸே சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பூட்டிய இடத்தில் லேசாக அசைகிறதா? பூட்டிய போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் என்றால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை லோடுக்கு எடுக்காதீர்கள்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது எவ்வளவு ப்ளே வரை விடுவார்கள்?
– வண்டி உரிமையாளர், பரமத்தி வேலூர்

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ப்ளே கூடாது என்கிறது. 40 செ.மீ. அகல வீலில் அது விளிம்பில் பத்தரை செ.மீ. வரும். என்னைக் கேட்டால் அது மிக அதிகம். 3 செ.மீ.யைத் தாண்டினாலே நான் கீழே குனிந்து பார்த்துவிடுவேன். அதே விதியில் பலரும் கவனிக்காத இரண்டு சங்கதிகள் உண்டு: பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி லாக் செய்திருக்க வேண்டும். ரப்பர் கிழிந்த மூட்டில் ஒரு மழைக்காலத்துச் சேறு போனால் போதும், கிரீஸ் போய்த் தேய்மானம் தொடங்கிவிடும்.

குட்டியானை (டாடா ஏஸ்) வைத்திருக்கிறேன். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஆடுகிறது. ஒருவர் பேரிங் என்கிறார், இன்னொருவர் கிங் பின் என்கிறார்.
– தண்ணீர் கேன் விநியோகம், தாம்பரம்

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடவலம் திரும்பும் அச்சாணி). பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் டை ராட் எண்டைப் பாருங்கள். கிங் பின் மாற்றும்போது புஷ்ஷும் சேர்த்து மாற்றி, ரீமர் (துளையை அளவாகச் செதுக்கும் கருவி) போட்டு அளவாகப் பொருத்த வேண்டும். அதன் பிறகு கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் முன் ஆக்சிலைத் தூக்கி வைத்து அடியுங்கள். பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அடித்தால் கீழ்ப்பக்கம் கிரீஸ் சரியாகப் போய்ச் சேராது.

அலைன்மென்ட் பார்த்த பிறகு ஸ்டீரிங் வீல் கோணலாக நின்றது. வீலைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நேர் ரோட்டில் வண்டி அலைபாய்கிறது.
– ஓட்டுநர், திருப்பூர்

இதைக் கண்டுபிடிக்காமல் பாக்ஸையே மாற்றிவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பாக்ஸுக்குள் பற்கள் நடுவில் மட்டும் சற்று இறுக்கமாகச் சேரும்படியே செய்யப்பட்டவை. சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸும் தன் நடுவில் இருந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் ஸ்டீரிங் வீல் மட்டும் நேராகிவிட்டது. பாக்ஸ் நடுவை விட்டு விலகி, தளர்வான இடத்தில் வேலை செய்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். அதுதான் பாக்ஸின் நடு. அந்த நிலையில் சக்கரம் நேராக வரும்படி டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்ற வேண்டும். ஸ்டீரிங் வீலைக் கழற்றி மாட்டுவது கடைசியாகச் செய்யும் வேலை.

டை ராட் எண்டை அடித்து இறுக்கி, தேவையானால் வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?
– செங்கல் சூளை, திருவள்ளூர்

வேண்டாம். தேய்ந்த உருண்டையைச் சுற்றி உறையை அடித்து நெருக்கினால் சில நாள் இறுக்கமாகத் தெரியும், பிறகு பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்டீரிங் பாகத்தில் சூடும் வெல்டும் பட்டால் இரும்பின் பதம் கெட்டுவிடும், எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிராப் ஆர்மைக் கழற்றுவதும் இப்படித்தான்: புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் அந்த அடி பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கில் போய் விழும். புது எண்ட் போட்டதும் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பின்) புதிதாகப் போட்டார்களா என்று நீங்களே பாருங்கள். டோ-இன்னும் (முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி இருக்கும் அளவு) பார்த்துவிட வேண்டும்.

எங்கட வாகனம் முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள பழைய ஹைலக்ஸ் டபிள் கேப். டை ராட் எண்ட் எல்லாம் புதுசு போட்டாச்சு. இன்னும் ஸ்டீரிங் லூஸ்.
– வவுனியா

ஐட்லர் ஆர்மைப் பாருங்கள். இரு பக்க டை ராடுகளையும் இணைக்கும் நடுத்தண்டை வலப்பக்கம் பாக்ஸும் டிராப் ஆர்மும் தாங்குகின்றன, இடப்பக்கம் அதைத் தாங்குவது ஐட்லர் ஆர்ம். அதன் புஷ் தேய்ந்தால் நடுத்தண்டு மேலும் கீழும் குதிக்கும். கையால் பிடித்து மேலே தள்ளிக் கீழே இழுத்தாலே தெரிந்துவிடும்.

லோடு ஏற்றினால் மட்டும் ஸ்டீரிங் மிதக்கிறது. வெறும் வண்டியில் ஒன்றும் இல்லை.
– சிமென்ட் கடை, அரியலூர்

பின்னால் போய்ப் பாருங்கள். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் லேசாகிறது. பட்டையைச் (லீஃப் ஸ்பிரிங்) சேசிஸோடு தொங்கவிடும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருந்தாலோ, பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருந்தாலோ பின் ஆக்சிலே இடம் மாறி வண்டியைத் திருப்பும். முதலில் பின் டயரின் காற்றைப் பாருங்கள். அடுத்து பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் பட்டையின் கண்ணிலிருந்து (முனையில் உள்ள வளையம்) ஆக்சில் வரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் ஆக்சில் நகர்ந்திருப்பது தெரிந்துவிடும்.