சென்னையில் பழைய கார் உதிரிபாகங்களை இணையத்தில் நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் விலையைப் பேசுவதற்கு முன், அந்தப் பொருள் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது, அந்த வண்டி எதனால் உடைப்புக்கு வந்தது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாதவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

என்னிடம் இருப்பது மறைமலைநகர் ஆலையில் தயாரான ஃபோர்டு ஃபிகோ. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, உதிரிபாகங்களுக்கு இனி அலைய வேண்டியிருக்குமோ என்ற கவலையில்தான் இணைய விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். மிக்ஜாம் புயல் கடந்து சில மாதங்களில், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதாகிவிட, படத்தில் பளபளப்பாகத் தெரிந்த ஒன்றைப் பணம் அனுப்பி வாங்கினேன். மூன்றாம் வாரமே அதுவும் நின்றது. மெக்கானிக் அதைப் பிரித்துக் காட்டியபோது செப்புச் சுருள்களுக்கு இடையில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. "இது தண்ணியில நின்ன வண்டியோட சாமான் சார்" என்றார். விற்றவரின் விளம்பரம் அதற்குள் காணாமல் போயிருந்தது.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த நகரம் இது. மூழ்கிய வண்டியின் கதவையோ பக்கக் கண்ணாடியையோ வாங்குவதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் ஈ.சி.யூ. எனப்படும் இன்ஜின் கட்டுப்பாட்டு மின்னணுப் பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார், சென்சார், வயரிங் ஆகியவற்றில் புகுந்த ஈரம், வெளியே தெரியாமல் இணைப்புகளை அரித்துக்கொண்டே இருக்கும்.

பழைய ஏர்பேக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சீர்குலைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால், ஹோண்டா உள்ளிட்ட பல நிறுவனங்கள் உலகெங்கும் கார்களைத் திரும்ப அழைத்து அவற்றை மாற்றித் தந்தன. அந்த அழைப்பு சேசிஸ் எண்ணைக் கொண்டே உரிமையாளரைத் தேடி வரும். வண்டியிலிருந்து கழற்றி விற்கப்பட்ட ஏர்பேக்கை எந்த அறிவிப்பும் தேடி வராது. சென்னையின் புழுக்கத்தில் வாழும் நாம் இதைக் கூடுதலாகவே கருத்தில் கொள்ள வேண்டும். வாகனச் செய்திகளை நான் விடாமல் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய மாடல் வெளியீடு பற்றிய செய்திகளும் உதவும். ஸ்விஃப்ட் என்ற ஒரே பெயரில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறைகள் இங்கே வந்துள்ளன. ஆகவே "ஸ்விஃப்ட் ஹெட்லைட்" என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தால் பயனில்லை. பழைய பொருளைக் கழற்றி, அதில் பொறித்துள்ள பார்ட் நம்பரைப் படமெடுத்து, விற்பவரிடமும் அதே படத்தைக் கேளுங்கள். நான் இப்போதெல்லாம் இணையத்தில் எண்ணையும் விலையையும் மட்டும் தெரிந்துகொண்டு, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கே நேரில் சென்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறேன். பிரேக், ஸ்டியரிங் தொடர்பானவற்றைப் புதிதாகவே வாங்கிவிடுகிறேன்.

விற்கும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறேன். சென்ற ஆண்டு என் வண்டியின் முன்பக்கக் கதவை விற்றபோது, உள்பக்கத் துருவையும் சேர்த்துப் படமெடுத்துப் போட்டேன். அது என் வண்டியிலிருந்து கழற்றியதுதான் என்பதற்கு ஆர்.சி.யையும் நேரில் காட்டினேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், வாங்க வந்தவருக்கு அந்தச் சான்று தேவைப்பட்டது. அவர் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.