பூஞ்சைத் தொற்றுக்குப் புரோபயாடிக் மட்டும் போதுமா?

பிறப்புறுப்பில் அரிப்பு, திரிதிரியாக வெள்ளைப்படுதல். மருந்து போடாமல் புரோபயாடிக் (உடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா) மட்டும் எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. துணைக்கு வேண்டுமானால் எடுக்கலாம்.

யோனியில் இயல்பாகவே வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, இந்தத் தொற்றை உண்டாக்கும் கேண்டிடா பூஞ்சை பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு பலருக்கு அரிப்பு வருவது, இந்தக் காவல் குறைவதால்தான் என்று கருதப்படுகிறது. அப்படியானால் வெளியிலிருந்து லாக்டோபேசிலஸ் கொடுத்தால் தடுத்துவிடலாமே? 2004இல் ஆஸ்திரேலியாவில் ஆன்டிபயாடிக் எடுத்த பெண்களுக்கு வாய்வழியாகவும் யோனிக்குள் வைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள், தடுக்கவில்லை. பூஞ்சை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது குணமாவது கொஞ்சம் கூடியது, ஒரு மாதத்துக்குள் திரும்ப வருவது குறைந்தது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அந்தச் சான்றுகள் வலுவானவை அல்ல.

ஆகவே க்ளோட்ரிமசோலோ ஃப்ளுகோனசோலோ, மருத்துவர் சொன்ன பூஞ்சை மருந்தை முதலில் முடியுங்கள். கர்ப்பமாக இருந்தால் ஃப்ளுகோனசோல் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. தயிர் சாப்பிடுங்கள், நல்லதுதான். தயவுசெய்து உள்ளே தடவாதீர்கள். அப்புறம், அடிக்கடி திரும்ப வந்தால் சர்க்கரை அளவைச் சோதித்துவிடுங்கள்.