ஒரு கை மட்டும் வளையும் வில்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். மரத்தில் வில் செதுக்குகிறேன். நாணை இழுத்தால் வில்லின் மேல் கை (பிடிக்கு மேலுள்ள பாதி) ஒரே இடத்தில் மடங்குகிறது, கீழ் கை (பிடிக்குக் கீழுள்ள பாதி) விறைப்பாக நிற்கிறது. மடங்கும் இடத்தைச் சீவலாமா?

பதில்: அந்த இடத்தில் அரமே படக்கூடாது தம்பி. அங்கே மரம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. இன்னும் சீவினால் அங்கேயே முறியும். பென்சிலால் அதைச் சுற்றிக் குறி போடுங்கள். அப்புறம் அந்தக் குறிக்கு மேலேயும் கீழேயும், விறைத்த கீழ் கை முழுதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். எல்லாம் உங்களைப் பார்க்கும் உள்பக்கத்தில்தான். இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம்தான் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே ஓர் இழை அறுந்தால்கூட விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும்.

வில்லின் நடுவைச் சுவரில் ஒரு கட்டையில் பொருத்தி, நாணைக் கப்பி வழியாகக் கயிற்றால் கீழே இழுங்கள். தள்ளி நின்று பார்த்தால் வளைவு தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிடுங்கள். மரம் படிந்த பிறகுதான் உண்மையான வளைவு தெரியும். கோணல் தெரிந்தால் அதற்கு மேல் இழுக்க வேண்டாம், முதலில் திருத்துங்கள். கீழ் கை இம்மியளவு விறைப்பாக இருந்தால் சரி, பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

எந்த மரம் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் விற்கும் பால்மரப் (ரப்பர் மரப்) பலகை பெரும்பாலும் துண்டுகளை ஒட்டியது, ஒட்டிலேயே விட்டுவிடும். நார் நுனிமுதல் நுனிவரை நேராக ஓடும் ஒரே கட்டையாக எடுங்கள். மழைக்காலத்தில் கூரைக்கடியில் நன்றாகக் காயவிடுங்கள். ஈர மரம் வளைந்தபடியே நின்றுவிடும்.