வெள்ளத்துக்கும் மீனுக்கும் ஒரே திட்டமா?

கேள்வி: அமெரிக்காவுல செஹாலிஸ் ஆத்துப் படுகையில வெள்ளத்தையும் குறைக்கிறோம், சால்மன் மீனையும் மீட்கிறோம்னு ஒரே திட்டமா போடறாங்களாமே, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? – வாசகர், திருச்சி

பதில்: நல்லாவே ஒத்துப்போகும்ங்க, ஒரு விஷயத்தத் தவிர. அந்த ஆறு ஓடுற வாஷிங்டன் மாநிலத்துல 2007 டிசம்பர்ல வந்த வெள்ளத்துல ஐ-5 நெடுஞ்சாலையே நாலு நாள் மூடிக்கிடந்துச்சு, அப்புறம் 2016ல சட்டம் போட்டு இதுக்குன்னே தனி ஆபீஸ் வெச்சாங்க. ரோட்டுக்கு அடியில போற குறுகலான குழாயையே எடுத்துக்கங்க, மழைக்காலத்துல மரக்கட்டை வந்து அடைச்சு தண்ணி ரோட்டையே அறுத்துட்டுப் போயிடும், மத்த நாள்ல குழாயோட வாய் ஓடைக்கு மேல தூக்கிட்டு நிக்கும், முட்டை போட மேல ஏறி வர்ற சால்மன் அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும். அத எடுத்துட்டு அகலமா பாலம் போட்டா ரெண்டு பிரச்சனையும் தீருது. வேரோட பெரிய மரத்த ஆத்துல பொதைச்சு வைக்கிறதும் அப்படித்தான், தண்ணி வேகம் குறையும், பின்னாடி மடு விழும், மீன் குஞ்சு ஒதுங்கும்.

சண்டையெல்லாம் பீ எல்ங்கிற ஊர்ப்பக்கம் கட்டணும்ங்கிற அணையிலதான். பெருவெள்ளம் வந்தா மட்டும் தேக்குவோம்ங்கிறாங்க, ஆனா தேங்குற இடமே சால்மன் முட்டை போடுற மேல்பகுதியாச்சே! குவினால்ட் பழங்குடி மக்கள் எதிர்க்கிறாங்க, எனக்கும் அதுதான் நியாயமா படுது. ஆறு பரந்து ஓட இடம் விட்டு, தாழ்வான வீடுகள உயர்த்திக் கட்டுறத மொதல்ல முடிக்கட்டும், அணையப் பத்தி அப்புறம் பேசலாம்.