ரேடாருக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மொபைல் சேவையும் நடத்த முடியுமா, குறுக்கீடு வராதா?

முடியும். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இது நடக்கிறது. கடற்படைக் கப்பல்களின் ரேடார் அங்கே வெகுகாலமாக இருக்கிறது. 2015-இல் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த விதிப்படி அதற்கே முதலிடம். அடுத்து ஏலத்தில் உரிமம் எடுத்தவர்கள், அப்புறம் மற்ற எல்லோரும்.

எந்த செல் நிலையமும் தன்னிச்சையாக ஒலிபரப்ப முடியாது. இருப்பிடம், ஆன்டெனா உயரம் போன்ற விவரங்களைக் கொடுத்து, ஸாஸ் என்ற மைய மென்பொருளிடம் அனுமதி வாங்க வேண்டும். கடலோர உணர்விகள் ரேடார் சிக்னலைக் கண்டதும் ஸாஸுக்குச் சொல்லும். 300 விநாடிக்குள் அந்தப் பகுதி நிலையங்கள் வேறு சேனலுக்கு மாறியாக வேண்டும், அல்லது அடங்கிவிட வேண்டும்.

உண்மையான சிக்கல் கூட்டல்தான். ஒரு நிலையத்தின் கசிவு அற்பமாக இருக்கலாம். நூற்றுக்கணக்கானவை சேர்ந்தால் ரேடாரின் பார்வையையே மங்கச் செய்துவிடும். அதனால் ஸாஸ் மொத்தக் குறுக்கீட்டையும் கணக்கிட்டு, யார் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்று தீர்மானிக்கிறது. உணர்விகளுக்குப் பக்கத்திலும் சக்தியைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் ரேடார் வந்தது அவற்றுக்கே தெரியாது. இந்தக் கட்டுப்பாடு கடலோர நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி.

ஆனாலும் ரேடார் இல்லாத நேரத்தில் அலைவரிசையைச் சும்மா பூட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து. 2019-இல் வணிகச் சேவை தொடங்கியது. இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும்கூட இதில் சொந்த நெட்வொர்க் நடத்துகின்றன.