கித்தார் கலைஞர் பிளாக்மோர் போன பிறகு வந்த, பிரிட்டிஷ் ராக் இசைக்குழு டீப் பர்ப்பிளின் ஆல்பங்கள் கேட்கத் தகுந்தவையா?

தகுந்தவைதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நாலு பேர் மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் தேநீர் ஆறிப்போகும் வரை இதே பேச்சுதான். எங்களில் மூத்த அண்ணனுக்கு 1972-இல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. அவர் வருத்தம் புரிகிறது. ரிச்சி பிளாக்மோரின் கித்தாரும் ஜான் லார்டின் ஹேமண்ட் மின் ஆர்கனும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் அந்தச் சத்தம் வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் 1993-இல் பிளாக்மோர் விலகினார், அடுத்த ஆண்டு கித்தாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். அவர் பழைய வாசிப்பை நகலெடுக்கவில்லை. 1996-இல் வந்த 'பர்பெண்டிக்குலர்' ஆல்பத்தில் 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' பாட்டைக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கி நெஞ்சை அடைக்க வைக்கும் கித்தார். எனக்கு அது பழைய பாட்டுகளுக்குச் சமம்.

அப்புறம் 2013-இன் 'நவ் வாட்'. பாப் எஸ்ரின் தயாரித்தது. லார்ட் இறந்த மறு ஆண்டு வந்ததால் அவருக்கே காணிக்கையாக்கினார்கள். ஆர்கனில் டான் ஏரி. இயன் கில்லன் இதில் பழைய உச்சக் குரலுக்குப் போகாமல், கதை சொல்வது போலப் பாடுகிறார். அதைக் குறை என்பவர்கள் உண்டு, எனக்கு அந்த முதிர்ச்சி பிடிக்கும்.

2021-இன் 'டர்னிங் டு கிரைம்' மற்றவர்களின் பாட்டுகள்தான், கடைசியில் கேட்டால் போதும். சைமன் மெக்பிரைட் கித்தாரோடு 2024-இல் வந்த ஆல்பத்துக்கு நல்ல ஹெட்போனும் ஒரு முழு மாலையும் ஒதுக்குங்கள்.