ஐந்து வேலியில் ஒரு கற்பனை உயிரியல் பூங்கா: கேள்வி பதில்

கோடை விடுமுறைக்கு எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு போட்டி வைத்தோம். வெண்ணாற்றங்கரையில் ஐந்து வேலி நிலம் உங்கள் கையில் இருக்கிறது, அதில் உயிரியல் பூங்கா அமைக்க வேண்டும், எந்த விலங்கை எங்கே வைப்பீர்கள் என்று வரைந்து காட்டுங்கள் என்றோம். பிள்ளைகளுக்கு வைத்த போட்டியில் பெரியவர்கள்தான் அதிகம் புகுந்தார்கள். முப்பது வருடம் பூங்காக்களில் கீப்பராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம் வந்தது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தாத்தா, முதலில் எதை வரையணும்? நான் கேட்டையும் சிங்கக் கூண்டையும் வரைந்துவிட்டேன்.
*(எட்டாம் வகுப்பு மாணவி, நீடாமங்கலம்)*

இரண்டையும் அழித்துவிடு கண்ணு. முதலில் தண்ணீரை வரை.

ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். வண்டலூர் பூங்கா ஏறக்குறைய 1,490 ஏக்கர், அதைப் பார்த்து நாம் வரையக் கூடாது. நம்முடைய நிலம் உள்ளங்கை மாதிரி மட்டம். மண்ணோ களிமண், பெய்த மழை உள்ளே இறங்காமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மூலையில் தேங்கும் என்று தெரியாமல் ஒரு கூண்டுக்கும் இடம் குறிக்க முடியாது.

நம் முன்னோர் வீடு கட்டிய வழியே இதற்கும் வழி. தாழ்ந்த மூலையில் குளம் வெட்டு. வெட்டிய மண்ணைக் கொட்டி மேடுகள் போடு. விலங்குகள் இரவில் அடையும் கூண்டுகள் எல்லாம் அந்த மேடுகளின் மேல் வரட்டும். ஒவ்வோர் அடைப்புக்கும் தனி வடிகால் வேண்டும். மான் அடைப்புத் தண்ணீர் குரங்கு அடைப்பு வழியாகப் போனால் ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும். கழிவைச் சுத்தம் செய்து வடிகாலில்தான் விட வேண்டும். பாசன வாய்க்காலில் விட்டால் கீழ்மடைக்காரர் சும்மா விடமாட்டார்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நிழல் நன்றாக இருக்கிறது என்று பள்ளத்தில் மான் கொட்டகை கட்டினார்கள். கார்த்திகையில் ஒரு ராத்திரி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. அந்த அளவுத் தண்ணீரில் மான் மூழ்காது. ஆனால் இருட்டில் மிரண்டு கம்பியில் மோதி இரண்டு செத்தன. காலையில் அவற்றைத் தூக்கியவன் நான்.

இன்னொன்று, புயல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று உன் அப்பாவைக் கேள். வேலி ஓரம் உயரமான மரத்தை வரையாதே. அது சாய்ந்தால் வேலி விழும், வேலி விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

புலி இல்லாத பூங்காவுக்கு யார் சார் டிக்கெட் வாங்குவார்கள்? ஒரு வெள்ளைப் புலியாவது வையுங்கள்.
*(டீக்கடை உரிமையாளர், கும்பகோணம்)*

உங்களுக்கு வியாபாரக் கணக்கு தெரியும், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு புலிக்கு நாளைக்கு 7 கிலோ மாட்டிறைச்சி என்று வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் விரதம், அது பூங்காக்களில் வழக்கம். அப்படியும் வருடத்துக்கு 2,184 கிலோ ஆகிறது. இது ஒரு புலிக்கு. அப்புறம் அகழி, உயர்ந்த சுவர், இரட்டைக் கதவு, மயக்க ஊசி போடத் தெரிந்த மருத்துவர், கதவைப் பூட்டினோமா என்று இரண்டு முறை பார்க்கும் கீப்பர். கதவு விஷயத்தில் ஒரு நாள் மறதி போதும்.

புலியைச் சந்தையில் வாங்கவும் முடியாது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதியோடு ஒரு பூங்கா இன்னொரு பூங்காவுக்குக் கொடுத்தால்தான் உண்டு. புலி கேட்டால் பதிலுக்கு நீங்கள் என்ன தருவீர்கள்?

வெள்ளைப் புலி தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் மாறிப் பிறந்த சாதாரண வங்கப் புலிதான் அது. 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரு ஆண் குட்டியின் வழியில்தான் பூங்காக்களில் அந்த நிறம் பெரும்பாலும் பெருகியது. நிறத்தைக் காப்பாற்ற நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். மாறுகண்ணும் வேறு குறைகளும் அதனோடு சேர்ந்தே வந்தன. என் வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

டிக்கெட் விற்க நான் நம்புவது நீர்நாயை.

நீர்நாய் நம்ம பக்கம் இருக்கிறதா? இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே.
*(பள்ளி ஆசிரியை, திருத்துறைப்பூண்டி)*

இருக்கிறது டீச்சர். காவிரி, கொள்ளிடத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இருக்கிறது. சங்கப் பாட்டில் வாளை மீனைக் காலை இரையாகப் பிடித்துத் தின்னுமே, அதே பிராணிதான். வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், திட்டிக்கொண்டே அடையாளம் சொல்வார்கள்.

காட்சிக்கு இதைவிட நல்ல விலங்கு நம் மண்ணில் எனக்குத் தெரிந்து இல்லை. புலி பகலில் பாதி நேரம் தூங்கும், வந்தவர்கள் வாலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீர்நாய் குடும்பமாக வாழும். கீச்சுக் குரலில் ஓயாமல் பேசும், ஒன்றின் மீனை மற்றது பிடுங்கும், மணலில் புரளும். மீன் போடும் நேரத்தை ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும், கூட்டம் தானாக வரும்.

அடைப்பை வரைகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, இடம் முழுக்கத் தொட்டியாக வரைவது. நீர்நாய்க்குத் தண்ணீரைவிடத் தரை அதிகம் வேண்டும். நீந்தி வந்ததும் மணலிலும் புல்லிலும் புரண்டு ரோமத்தை உலர்த்திக்கொள்ளும். உலர இடமில்லாமல் ஈரத்திலேயே கிடந்தால் சீக்குப் பிடிக்கும். சிமெண்டுத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். அதனால் பாதிக்கு மேல் மணலும் கோரையும் இருக்கட்டும். கரையில் பொந்து வையுங்கள். தொட்டி இரண்டு வேண்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் இருக்கும். தோண்டவும் ஏறவும் தெரிந்த பிராணி என்பதால் கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, மேல் விளிம்பை உள்பக்கமாக வளைக்க வேண்டும்.

கண்ணாடிச் சுவர் வைத்து நீருக்கடியில் நீந்துவதைக் காட்டலாம் என்று உங்கள் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். ஆசை நல்லது. ஆனால் ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது நம் ஆறு டீ நிறத்தில் ஓடும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, மீன் எண்ணெய் படியாமல் காக்க ஒரு வடிகட்டி நிலையமே வேண்டும். அதற்குப் பதிலாகத் தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு மூங்கில் பாலம் போடுங்கள். மேலே நின்று குனிந்து பார்க்கட்டும், மதகில் நின்று மீன் பார்ப்பது போல.

சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு நீர்நாய்க்கு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் வேண்டும். ஐஸ் பெட்டி மீனை மட்டும், அதிலும் ஒரே வகையைப் போட்டுக்கொண்டிருந்தால் வைட்டமின் பி1 சத்துக் குறைந்து நரம்புத் தளர்ச்சி வரும். சில மீன்களில் அந்தச் சத்தை அழிக்கும் பொருளே இருக்கிறது. மீனை மாற்றி மாற்றிப் போட வேண்டும், மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கொள்ளிடத்தில் முதலை பயம். அதையெல்லாம் பிடித்து உங்கள் பூங்காவில் விட்டுவிடுங்களேன்.
*(விவசாயி, அணைக்கரை)*

உங்கள் பயம் நியாயமானது ஐயா. ஆடு மாடு தண்ணீருக்கு இறங்கும் துறையில் முதலை படுத்திருந்தால் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் பிடித்துப் பிடித்து விடப் பூங்கா தாங்காது. ஒரு பெண் முதலை ஒரு தடவையில் 25, 30 முட்டை இடும். முட்டை கிடக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும், இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் செய்தி. மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையை 1976-ல் தொடங்கியபோது முதலை இனம் அழிந்துவிடுமோ என்று கவலை. பிறகு அங்கே அவை பெருகிய பெருக்கத்தில், இத்தனையையும் எங்கே விடுவது என்பது கவலையாகிவிட்டது.

என் வரைபடத்தில் இரண்டே முதலை. சுவரின் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும், ஏனென்றால் இவை கரையில் வளை தோண்டும். வெயில் காயக் கிழக்குப் பார்த்த மணல்மேடு வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தீனி போதும், செலவு குறைந்த குடித்தனக்காரர். அடைப்புக்கு முன்னால் வைக்கும் பலகையில் அதன் அறிவியல் பெயரைவிட, அந்தி சாய்ந்தபின் துறையில் இறங்காதீர்கள், கரையோரம் மீன் கழிவைக் கொட்டாதீர்கள் என்று எழுதுவது உங்கள் ஊருக்கு உதவும்.

பூநாரை வைக்கலாமா?
*(கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்)*

எதற்கு? கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் தானாக வருகிறதே, பேருந்து ஏறிப் போய்ப் பாருங்கள். கூண்டில் வைத்தால் தீனியில் நிறமி சேர்க்காவிட்டால் வெளுத்துப்போகும்.

பறவைக்கு என் யோசனை வேறு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளைப் பாருங்கள். மேட்டூர்த் தண்ணீர் நிறைகிறது, கருவேல மரங்கள் நிற்கின்றன, பறவைகள் வந்துவிடுகின்றன. இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. நம் குளத்துக்கு நடுவே ஒரு திட்டு விட்டு நாட்டுக் கருவேலம் நட்டு, நாலைந்து வருடம் பொறுத்திருந்தால் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வாடகை கேட்காமல் குடிவரலாம். கூண்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

யானை?
*(பலர்)*

கிடையாது. 2009-லேயே பூங்காக்களில் யானை வைக்கக் கூடாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சொல்லிவிட்டது. திருச்சிக்குப் பக்கத்தில் எம்.ஆர்.பாளையத்தில் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது.

நரியைப் போய் யாராவது பூங்காவில் வைப்பார்களா? வைத்தால் நரிக்கொம்பைப் பார்க்கலாமா?
*(மளிகைக் கடைக்காரர், மன்னார்குடி)*

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டே அதை இல்லாமல் ஆக்கிவிட்டோம். நான் சிறுவனாக இருந்தபோது அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஊளை கேட்டுத்தான் தூங்குவோம். இப்போது உங்கள் பேரன் நரியைப் படத்தில்தான் பார்த்திருப்பான். அதற்காகவே வைக்க வேண்டும். வயல் எலியும் நண்டும் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்த பிராணி.

கொம்பு என்று எதுவும் அதற்குக் கிடையாது. அதிர்ஷ்டம் தரும் என்று விற்கிறவர் வைத்திருப்பது ரோமத்தோடு ஒட்டிய எலும்போ நகமோதான். வாங்கி ஏமாந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, விடுங்கள்.

சாரையும் நல்ல பாம்பும் பிணைவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதைக் காட்சிப்படுத்த முடியுமா?
*(ஓய்வுபெற்ற கிராம அலுவலர், பாபநாசம்)*

நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம் ஐயா. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எழும்பித் தலையை அழுத்தப் பார்க்கும். சாரை நல்ல பாம்போடு சேராது, கிடைத்தால் அதன் குட்டியைத் தின்றுவிடும்.

வெளிமானையும் புள்ளிமானையும் ஒரே அடைப்பில் விடலாமா? இடம் மிச்சமாகுமே.
*(கட்டட மேஸ்திரி, பட்டுக்கோட்டை)*

விடலாம், பலர் விட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு இஷ்டமில்லை. புள்ளிமான் சீக்கிரம் பெருகும். பத்து என்று தொடங்கினால் சில வருடத்தில் எங்கே வைப்பது என்று கையைப் பிசைய வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்காத பூங்கா எல்லாம் இந்தப் பாடு பட்டிருக்கிறது.

வெளிமான் மட்டும் போதும். நம் கோடியக்கரையின் மான் அது. அதற்கு மரமடர்ந்த இடம் வேண்டாம், திறந்த புல்வெளி வேண்டும். சீமைக் கருவேலம் முளைத்தால் உடனே பிடுங்குங்கள். முறுக்குக் கொம்பு ஆணுக்குத்தான். இரண்டு கிடாவை ஒரே அடைப்பில் விட்டால் குத்திக்கொள்ளும், ஓடித் தப்ப இடமில்லாததுதான் அடைப்பின் குறை. துரத்திப் பிடிக்கவே கூடாது. பயத்தில் ஓடிய மான் பிடிபட்ட பிறகு, காயமே இல்லாமல், தசை சிதைந்து செத்துப்போகும். அதனால் தீனி வைக்கும் இடத்தையே மூடக்கூடிய சிறு பட்டியாகக் கட்டிவிடுங்கள், மேஸ்திரி. தினமும் தானாக வந்து பழகியிருக்கும், தேவைப்படும் நாளில் கதவைச் சாத்தினால் போதும்.

கடல் பசு வைக்க ஆசை.
*(மீனவ இளைஞர், மல்லிப்பட்டினம்)*

உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே அதற்கு 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறது தம்பி. 2022-ல் பாக் விரிகுடாவில் அறிவித்த கடல் பசு காப்பகம் அதுதான். ஒரு ஆவுளியா (கடல் பசுவுக்கு இன்னொரு பெயர்) நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் கடல் புல் மேயும், அதை நாம் வெண்ணாற்றில் விளைவிக்க முடியாது. பெரிய கடல் விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தஞ்சாவூர் அரண்மனையில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது, தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது.

பென்குயின்! மும்பையில் இருக்கே!
*(ஐந்தாம் வகுப்பு மாணவன், வலங்கைமான்)*

இருக்கிறது, 2016-லிருந்து, ஏசி அறையில். கஜா வந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று வீட்டில் கேட்டுவிட்டு வா.

வரைபடத்தில் எல்லாரும் மறந்துவிடுவது எது சார்?
*(நூலகர்)*

பார்வையாளர் பார்க்காத பக்கம். நூற்றுக்குத் தொண்ணூறு படத்தில் சமையலறை இல்லை. தீவனக் கிடங்கு, மருத்துவமனை, புதிதாக வரும் விலங்கைக் குறைந்தது ஒரு மாதம் தனியே வைக்கும் இடம், செத்ததை அறுத்துப் பார்க்கும் கொட்டகை, எரிக்கும் இடம், இவை எதையும் காணோம். கீப்பருக்குக் கழிப்பறையும் காணோம், அதில் எனக்குச் சொந்தக் கோபம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் பூங்காவை மூட வேண்டும் என்பது விதி. வண்டலூருக்கு அது செவ்வாய்க்கிழமை. பிராணிகளுக்கும் ஒரு நாள் நம் முகம் பார்க்காமல் இருக்கலாமே.

கடைசியாக ஒன்று. சின்னப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க முயல், வாத்து வரைந்திருக்கிறேன். சரியா?
*(நீடாமங்கலம் மாணவியே மறுபடியும்)*

முயலைப் பத்துப் பேர் தூக்கினால் அதற்கு முதுகெலும்பு போய்விடும், வேண்டாம். உம்பளாச்சேரி மாடு ஒன்றைக் கன்றோடு கட்டு. சேற்று உழவுக்கென்றே நம் கீழத்தஞ்சைப் பக்கம் வளர்ந்த இனம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும், கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். தடவிக் கொடுத்தால் நிற்கும்.

நீ வரைந்து அனுப்பிய இரண்டாவது படத்தில் மாடு சாம்பல் நிறம், அது சரி. கன்றையும் சாம்பலாகத் தீட்டியிருக்கிறாய். பிறந்த கன்று செம்பழுப்பாக இருக்கும், ஆறு மாதம் போல ஆன பிறகுதான் நிறம் மாறும். கன்றை மட்டும் மாற்றி வரைந்து கொண்டு வா.